அழகுமலை அடைத்த இருநூற்று நாற்பது ஓட்டைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வெங்காயச் சாக்கிலிருந்து வந்தது. தேனி மார்க்கெட்டில் வாங்கிய சாக்கு. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடத்தில் யாரோ ஓட்டையை அடைத்திருந்தார்கள். ஒட்டுப் போடவில்லை. சணலையே குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, விரலால் தடவினால் மட்டும் தெரிகிற மாதிரி அடைத்திருந்தார்கள். எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், அந்த இடத்தை மட்டும் கத்தரித்து மேசைமேல் வைத்துக்கொண்டேன். வெங்காயம் மாடிப்படியில் உருண்ட பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று உறைத்தது. என் மனைவி அப்போது லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "ஓட்டைன்னா என்னன்னே தெரியாத மனுசன்" என்றாள்.

அந்தத் திட்டை வாங்கிக்கொள்ள எனக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டான். அவனுக்கு அழகுமலை என்று பெயர் வைத்தேன். தேனியில், ஒரு கமிஷன் கடைக்குச் சாக்கு தைக்கிறவன். ஆண்டு 2003.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'வேல்விழியின் விரல்களுக்கு இடையே கத்திரிப்பூ நிற நூல் ஓர் ஓடையைப் போல…'

[வேண்டாம். நூல் நூலாகவே இருக்கட்டும்.]

பிறகு இப்படி:

'பதினோரு நாளாக அந்த வீட்டில் புருசனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை.'

இது இருக்கட்டும்.

2

ஏன் பேசவில்லை என்பது சின்ன விஷயம். சாக்குக் கட்டு எடுக்க இரண்டு லோடுமேன்கள் வீட்டுக்கு வந்தபோது, அவன் பெண்டாட்டி வேல்விழி உல்லன் நூலில் ஸ்கார்ஃப் பின்னிக்கொண்டிருந்தாள். வந்தவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று அழகுமலை, "தேனி வெயிலுக்கு உல்லன் துண்டு போத்தப் போறாளாம். அடுத்து ஆட்டுக்கும் ஒண்ணு பின்னுவா" என்றான். அவர்கள் சிரித்தார்கள். வேல்விழி ஊசியைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான்.

அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. தெரிந்துகொள்ள அவன் முயலவில்லை என்று எழுதுவதுதான் நியாயம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் நடக்கும் பின்னல் வகுப்புக்கு அவள் ஒரு வருஷமாகப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே கண்காட்சி. யாருடைய வேலை நன்றாக இருக்கிறதோ, அவளே அடுத்த வகுப்புக்கு டீச்சர். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் வேல்விழியிடம் எல்லாரும் சோறு கேட்டார்கள், தண்ணி கேட்டார்கள். 'இதை எப்படிச் செய்தாய், எனக்கும் சொல்லிக் கொடு' என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அதைக் கேட்க வைக்க அந்த ஸ்கார்ஃப் ஒன்றுதான் அவளிடம் இருந்தது.

பின்னும்போது அவள் உதடு அசையும். மூன்று கண்ணி, நூலை ஒரு சுற்று, இரண்டைச் சேர்த்து ஒன்று. கண்ணி என்பது ஊசியில் விழும் ஒரு வளையம். சுற்றிப் போட்ட இடத்தில் ஓர் ஓட்டை விழும். ஓட்டைகள் சேர்ந்து இலையாகும். ஓர் இலை முடிந்ததும் அதைத் தொடைமேல் விரித்துவைத்து, பிள்ளைக்குத் தலைவாரி விட்டுப் பார்ப்பதுபோலத் தலையைப் பின்னால் சாய்த்துப் பார்ப்பாள். அந்த நேரத்தில் அடுப்பில் பால் பொங்கினாலும் தெரியாது. அவளை அவ்வளவு சந்தோஷமாக வேறெங்கும் நான் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தக் கதையை எழுதப் பயமாக இருந்தது.

புதன்கிழமை காலை அவள் சுவரைப் பார்த்து, "வருசநாட்டுல எங்கக்கா மகனுக்குக் காதுகுத்து. சனிக்கிழம சாயங்காலம் அஞ்சரை பஸ்ஸுக்கு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஸ்கார்ஃப் தகரப் பெட்டியில் இருந்தது.

3

அன்றைக்கே அழகுமலை அந்தப் பெட்டியைத் திறந்தான். தேடியது வேட்டியை. கிடைத்தது எலிப் புழுக்கை.

வீட்டில் பாதி இடத்தைச் சாக்குக் கட்டு அடைத்திருந்தது. சாக்கு இருந்தால் எலி வரும் என்று அவள் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அவன் ஸ்கார்ஃபை உதறிப் பார்த்தான். ஒரு மூலையில் எலி கடித்திருந்தது. நூல் அறுந்து, கண்ணி ஒன்று அவிழத் தொடங்கியிருந்தது. பெட்டியில் கிடந்த மிச்ச நூலை எடுத்து, ஊசியில் கோத்து, அந்த மூலையை அடைத்தான். நல்ல அடைப்பு. ஒன்றும் தெரியவில்லை.

பிறகுதான் மற்ற ஓட்டைகளைப் பார்த்தான்.

[இங்கே என் மனைவி குறுக்கிட்டாள். "எலி வரிசையாவா கடிக்கும்? ஒங்க ஆளு என்ன அவ்வளவு மட்டியா?" நியாயமான கேள்வி. பதில் இது: லேஸை நனைத்து, இழுத்து, சுற்றிலும் குண்டூசி குத்திக் காயவைத்தால்தான் பூ தெரியும். அதுவரை அது கசங்கிய துணி. வேல்விழி அதைச் சனிக்கிழமை வந்துதான் செய்வதாக இருந்தாள். தவிர, இருபது வருஷத்தில் அழகுமலை கையில் வந்த எந்த ஓட்டையும் யாரும் வேண்டுமென்று போட்டதில்லை. பேச்சு வார்த்தை இருந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பான். இல்லையே.]

ஸ்கார்ஃபின் நடுப்பகுதி ஓட்டையில்லாத சாதாரணப் பின்னல். இரண்டு முனைகளில்தான் லேஸ். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்து அடைத்தான். இருநூற்று நாற்பது ஓட்டை. இவ்வளவு கவனமாக அவன் எந்தச் சாக்கையும் தைத்ததில்லை. அவள் வந்து பார்த்தாலும், பெட்டியில் எலி புகுந்ததே தெரியாமல் போய்விட வேண்டும். அதற்கப்புறம் அவனே முதலில் பேசிவிடுவான். என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தான். அவன்மேல் எனக்கு இரக்கம் வந்த இடம் இது. அதையும் மறைக்கப் போவதில்லை.

4

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஹேமாவதி வந்தாள். அதே பின்னல் வகுப்பில் படிக்கிற பக்கத்துத் தெருப் பெண். கையில் ஒரு டப்பா குண்டூசி.

"அண்ணே, அக்கா வந்துட்டாகளா?"

"அஞ்சரைக்குத்தான் வருவா."

"இதக் குடுத்துருங்க. ஸ்கார்ஃபக் குத்திக் காயவச்சு நாளைக்கி எல்லாரும் கொண்டு வரணும்னு டீச்சர் சொல்லிருக்காக. என்னோடதப் பாருங்களேன், நேத்தே காயவச்சிட்டேன்."

அவள் தன் ஸ்கார்ஃபை வெயிலில் தூக்கிக் காட்டினாள். வெயில் அதன் வழியாகப் பொத்தல் பொத்தலாகத் தரையில் விழுந்தது.

"அடப்பாவமே" என்றான் அழகுமலை. "ஒங்க வீட்டுலயும் எலியா?"

ஹேமாவதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எலியா! அண்ணே, இது டிசைன்ணே. ஓட்டை விழுந்தாத்தான் லேஸு. எங்களதெல்லாம் சும்மா வலை மாதிரி. அக்காவோடது இலை இலையா வரும், அத நீங்க பாத்ததில்லையா? டீச்சரே அதத்தான் நாளைக்கி எல்லாருக்கும் காட்டணும்னு சொல்லிட்டு இருக்காக."

அவனும் சிரித்தான். சிரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பல்லைக் காட்டினான். சரிபார்க்க மடியில் வைத்திருந்த வேல்விழியின் ஸ்கார்ஃபை அதற்குள் தொடைக்குக் கீழே தள்ளியிருந்தான். ஹேமாவதி போகிறவரை அவன் எழுந்திருக்கவில்லை.

(இவளையே கூப்பிட்டு உதவி கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். 'ஆத்தா, செத்த நில்லு' என்று ஒரு வரிகூட எழுதிப் பார்த்தேன். அவனுக்கு வாய் வரவில்லை. ஏற்கெனவே இரண்டு பேர் முன்னால் வேல்விழியைச் சிரிப்பாக்கியவன்.)

5

மூன்றரை மணி நேரம். அதற்குள் அடைத்த அவ்வளவையும் திறக்க வேண்டும், ஓர் ஓட்டைக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை.

பாதி பிளேடைத் தாளில் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்போதுதான் அடுத்த அடி விழுந்தது. அதே நூல், அதே நிறம். எது அவள் நூல், எது தன் நூல் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அடைத்த இடம் தெரியக் கூடாது என்பதுதான் அவன் தொழில், தெரியாமல்தான் அடைத்திருந்தான். மாற்றி அறுத்தால் கண்ணி அவிழும். ஒரு கண்ணி அவிழ்ந்தால் அதன் கீழே இருப்பது, அதற்குக் கீழே இருப்பது என்று இலை முழுக்க இறங்கிவிடும்.

கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினான். சாக்கு தைக்கிறவர்கள் நூலைக் கோக்கும் முன் தொடையில் வைத்து ஒரு தடவை உருட்டுவார்கள். பழக்கதோஷத்தில் இதையும் உருட்டியிருந்தான். உருட்டிய நூல் கொஞ்சம் முறுக்காக இருந்தது. அந்த முறுக்கு விரலுக்குத் தட்டுப்பட்டது.

அறுத்தான். ஊசி முனையால் இழுத்தான். ஓட்டை திறந்தது.

இரண்டாவது. மூன்றாவது. கழுத்திலிருந்து வியர்வை வழிந்து துணியில் விழாமல் இருக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

முப்பத்தேழாவது ஓட்டையில் மாற்றி அறுத்துவிட்டான்.

கண்ணி ஒரு படி இறங்கியது. பிளேடைப் போட்டுவிட்டு, அவிழ்ந்த கண்ணியை ஊசியில் பிடித்து, மூச்சுவிடாமல் அறுந்த இரண்டு நுனியையும் முடிந்தான். [இங்கே மொத்தத்தையும் அவிழவிடலாமா என்று யோசித்தேன். கதைக்கு நல்லது. அவனுக்கு நல்லதில்லை. நிறுத்திக்கொண்டேன்.] வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு முப்பத்தெட்டுக்குப் போனான்.

நாலு மணிக்கு மூலைகள் தவிர ஒரு முனை முடிந்தது. தூக்கிப் பார்த்தான். கசங்கித்தான் இருந்தது. இருந்தாலும், இலைகள் தெரிந்தன. நடு நரம்பு, இரண்டு பக்கமும் சாய்ந்து ஏறும் ஓட்டைகள், நுனியில் ஒன்று. ஒவ்வொன்றும் எண்ணிப் போட்டது. இதையா நாம் ஆட்டுக்குத் துண்டு என்றோம் என்று நினைத்தான். அழுகை வந்தது. நேரமில்லாததால் அழவில்லை.

ஐந்தேகாலுக்கு நாலு மூலைகள் மட்டும் மிச்சம். ஒவ்வொரு மூலையிலும் குஞ்சம் கோக்க அவள் ஒரு பெரிய ஓட்டை விட்டிருந்தாள். நாலையும் அவன் அடைத்திருந்தான். அதில் ஒன்றைத்தான் எலி நிஜமாகக் கடித்து இன்னும் பெரிதாக்கியிருந்தது. அந்த அடைப்பு இருந்தாக வேண்டும். அதை அறுத்தால் அந்த மூலையிலிருந்து அவிழும். மற்ற மூன்றையும் திறந்தாக வேண்டும்.

எந்த மூலை?

தடவினான். நாலும் ஒரே முறுக்கு. மூன்று நாளில் துணியை எத்தனை தடவை திருப்பியிருப்பான், மடித்திருப்பான். நினைவில்லை.

6

அவள் வந்தபோது ஐந்து நாற்பது. வாசலில் நின்று அவன் கையிலிருந்த பிளேடைப் பார்த்தாள். தரையெல்லாம் கிடந்த கத்திரிப்பூ நிற நூல் துண்டுகளைப் பார்த்தாள். பிறகு ஸ்கார்ஃபை.

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் கத்துகிறாள். ஒன்றில் சிரிக்கிறாள், அது எனக்கே கூச்சமாக இருந்தது. மூன்றாவதில் அவள் வந்தவழியே திரும்பி 'அடுத்த பஸ்ஸுக்கு…'

[மூன்றையும் அடித்துவிட்டேன். பதினோரு நாள் பேசாதவள் இப்போதாவது பேசட்டும்.]

அவன் எல்லாவற்றையும் சொன்னான். எலி, மூலை, இருநூற்று நாற்பது, ஹேமாவதி, முப்பத்தேழாவது. எதையும் விடவில்லை.

"கேக்க வாயில்லையா ஒங்களுக்கு?" என்றாள் வேல்விழி.

"நீதான் பேசலையே."

"நான் பேசலன்னா? நீங்க கேக்கக் கூடாதா? ஏழு வருசத்துல ஒரு நாளு, என்ன பின்னுறேன்னு கேட்டிருக்கீகளா?"

அவன் ஸ்கார்ஃபை அவளிடம் நீட்டினான்.

அவள் பையை இறக்கினாள். ஸ்கார்ஃபை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். திறந்த ஓட்டைகளை விரலால் எண்ணிக்கொண்டே வந்தாள், உதடு அசைந்தது. முப்பத்தேழில் நின்றாள். அந்த முடிச்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேலே போனாள். நாலு மூலைகளையும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தாள். எலி கடித்தது எது என்று அவளுக்கும் தெரியவில்லை. அவன் அடைத்த அடைப்பு அவ்வளவு நன்றாக இருந்தது.

"இன்னும் நனைச்சு, குத்தி, காயணும்" என்றாள். "நகருங்க."

அவன் நகர்ந்தான். பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு மூலையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள்.

"மொதல்ல இத அறுங்க."

"நல்லாத் தெரியுமா, வேலு?"

"தெரியாது. அறுங்க."

7

எலி எந்த மூலையைக் கடித்தது என்று நான் முடிவு செய்யவே இல்லை. எழுதுகிறவனுக்காவது தெரிந்திருக்கும் என்று நம்பி இதுவரை வந்திருப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை அவன் பெட்டியைத் திறந்தபோது, 'ஒரு மூலையில்' என்று மட்டும் எழுதிவிட்டு அவசரமாக அடுத்த வரிக்குப் போய்விட்டேன். திரும்பிப்போய் அதை நிரப்ப இரண்டு வாரம் முயன்றேன். 'இடது கைப்பக்கம், மேலே…' என்று தொடங்குவேன், நின்றுவிடுவேன். சரியான மூலை என்று எழுதினால் அவள் நாளைக்கு டீச்சர், நான் நல்லவன். தவறான மூலை என்று எழுதினால், பத்து மணிக்கு அந்த மாடியில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கப்போவது நானல்ல, அவள். தெரியாது என்று தெரிந்தும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு, மேசைமுன் உட்கார்ந்து அதைத் தீர்மானிக்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

துணி இழுபட்டிருக்கிறது. பிளேடு இழையின் மேல் இருக்கிறது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது, என்னால் அவர்களை இதற்குமேல் இப்படியே உட்கார வைத்திருக்க முடியாது. எந்த மூலை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவளைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள்.