கைப்பேசிக்கு அருகில் சிரித்தவன்

1

இந்தக் கதை ஒரு குரல்செய்தியிலிருந்து வந்தது. அனுப்பியவர் சந்திரலேகா, கடலூரில் பலகுரல் கலைஞனாக இருந்த சிலம்பரசனின் மனைவி. அவன் மாரடைப்பில் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

"அண்ணா, படத்திறப்பு அன்னிக்கி அவுரு பண்ண லாட்ஜ் காமெடிய டிவியில போடலாம்னு இருக்கோம். அதுலதான் சிரிச்ச மொகமா இருப்பாரு. எங்ககிட்ட இருக்கறது மங்கலா இருக்கு. நீங்க எடுத்தது தெளிவா இருக்குமாமே. அனுப்பறீங்களா?"

அனுப்புவதா வேண்டாமா என்பதுதான் கதை. செய்தி கிடைத்தவனுக்கு இளவரசு என்று பெயர் வைத்திருக்கிறேன். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன். ஒரு வரிக்கு மேல் போகவில்லை.

2

அந்த நகைச்சுவையை முதலில் சொல்லிவிட வேண்டும். நாம் எத்தனையோ படங்களில் பார்த்ததுதான். அப்பாவி ஒருவன் தெரியாத்தனமாக ஓர் அறையில் மாட்டிக்கொள்வான். உள்ளே வாட்டசாட்டமான ஆள். கதவு சாத்தப்படும். "ஐயோ" என்றொரு குரல். அடுத்த காட்சியில் சட்டை கிழிந்து, காலை அகட்டி அகட்டி வெளியே வருவான். பின்னணியில் ஒரு குழல் பீப்பீ என்று ஊதும். சிலம்பரசன் இத்தனையையும் தனியாளாக மூன்று நிமிடத்தில் செய்வான். கதவின் கிறீச்சும் அவன்தான், குழலும் அவன்தான். பரங்கிப்பேட்டை முதல் காட்டுமன்னார்கோயில் வரை திருவிழா மேடைகளில் சீட்டு எழுதிக் கொடுத்துக் கேட்பார்கள்.

(அறைக்குள் மாட்டியது பெண்ணாக இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று எழுதி, அடித்துவிட்டேன். சிரித்திருக்கிறார்கள்.)

3

இளவரசுவுக்கு நடந்ததை எழுத முயன்றது:

'இருபத்து நான்கு வயதில், அரிசி ஆலையில் எழுத்தராக இருந்த இளவரசு, ஆலைக்கு வேண்டிய நெல் தரகர் ஒருவருடன் சிதம்பரத்தில் ஒரு லாட்ஜுக்குப் போனான். பகல் இரண்டு மணி. தரகர் கதவைத்…'

நிறுத்திவிட்டேன். லாட்ஜ், தரகர், கதவு. வாசகரே, உங்கள் உதட்டோரம் ஏதாவது அசைந்ததா? எழுதிய எனக்கே அசைந்தது.

'அவன் கத்தினான். அந்தச் சத்தம்…'

இதுவும் வேண்டாம். எப்படி எழுதினாலும் சிலம்பரசன் மேடையில் போடும் "ஐயோ"தான் கேட்கிறது.

'திரும்பும் பேருந்தில் இடம் காலியாக இருந்தும் உட்கார முடியாமல், காட்டுமன்னார்கோயில் வரைக்கும் நின்றுகொண்டே நான்…'

அவன். நின்றுகொண்டே அவன் போனான். சீட்டுல முள்ளா வச்சிருக்கு என்று நடத்துநர் கேட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

(அறைக்குள் நடந்ததை நான் எழுதப் போவதில்லை. அதை எழுதுவதற்கான சொற்களை எல்லாம் வேறு யாரோ முன்பே எடுத்துச் செலவழித்துவிட்டார்கள்.)

4

நான்கு மாதம் கழித்து, கடலூரில் ஒரு கோயில் திருவிழா. முதல் வரிசையில் உட்கார்ந்து இளவரசு தன் நண்பன் சிலம்பரசனைக் கைப்பேசியில் படம் பிடித்தான். லாட்ஜ் காமெடி வந்தது. சிரிக்காவிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தான். சிரித்தான். அந்தப் பதிவில் மற்ற எல்லாச் சிரிப்பையும் அமுக்கிக்கொண்டு ஒரு சிரிப்பு கேட்கும். கைப்பேசிக்கு அருகில் இருந்தவனுடைய சிரிப்பு.

நிகழ்ச்சி முடிந்து டீக்கடையில் சிலம்பரசன் அதைப் போட்டுக் கேட்டான்.

"ஊரே சிரிச்சதவிட நீதான் மச்சான் ஜாஸ்தி சிரிச்சிருக்க."

அப்போதுதான் இளவரசு சொன்னான். கண்ணாடி கிளாஸைப் பார்த்துக்கொண்டு, நான்கே வாக்கியத்தில். சிலம்பரசன் முதலில் இதை ஜோக்கின் ஆரம்பம் என்று நினைத்து, சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்திருந்தான். நான்காவது வாக்கியம் முடிந்தும் அந்த வாய் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"நானும் சொல்லமாட்டேன் மச்சான்."

அவ்வளவுதான் பேசினான். அவன் வாயில் இதைவிட நல்ல வசனம் வைக்கலாம் என்று பலமுறை முயன்றேன். செத்தவன் சொல்லாததை எப்படி எழுதுவது?

அதன்பின் எந்த மேடையிலும் அவன் அந்த ஐட்டத்தைச் செய்யவில்லை. இது இளவரசுவுக்குத் தெரியாது. திருவிழாப் பக்கம் போவதையே அவன் விட்டிருந்தான். சிலம்பரசனைக் கொண்டுபோன அன்று சுடுகாட்டில்தான், மேடையில் அவனோடு கீபோர்டு வாசிக்கும் பாலகுமார் சொன்னான். சீட்டு வந்தால் தொண்டை சரியில்லை என்பானாம். ரயில் சத்தமும் குயில் சத்தமும் போட்டுச் சமாளிப்பானாம். கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

5

முடிவு ஒன்று: பதிவை அனுப்பிவிடுகிறான். படத்துக்கு மாலை போட்டு, எல்லோரும் அழுதுகொண்டே சிரிக்கிறார்கள். அவன் சிரிப்புத்தான் உரக்கக் கேட்கிறது.

முடிவு இரண்டு: போன் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறான். இதை எழுதுவது சுலபம். பொய்கள் எல்லாம் சுலபமாகத்தான் வருகின்றன.

முடிவு மூன்று: கடலூருக்கு நேரில் போகிறான். போனான். சந்திரலேகா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த ஐட்டத்த ஏன் விட்டாருன்னு கடைசி வரைக்கும் சொல்லல அண்ணா. பொழப்பே அதுலதான் ஓடிச்சி. சோம்பேறின்னு திட்டியிருக்கேன். சாவறதுக்கு மொத நாளுகூட அதுக்குத்தான் சண்ட. உங்களுக்காவது தெரியுமா?"

பேசாமல் எழுந்து வந்தால், அவள் மனத்தில் சிலம்பரசன் சோம்பேறியாகவே இருப்பான். அவன் சோம்பேறி இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வழிதான் இருக்கிறது.

"தெரியும்மா," என்றான் இளவரசு. "எனக்கு ஒண்ணு நடந்துச்சி."

இதற்கு மேல் சந்திரலேகாவின் முகத்தை எழுத வேண்டும். எனக்கு அது வரவில்லை. அவள் எழுந்துகொள்ளட்டும். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். தரையைப் பார்த்தபடி அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டான். இப்போது நிமிர்ந்து உங்களைப் பார்க்கப் போகிறான்.