சமையலறைக் குழாயில் வந்த குரல்

பிளம்பர் வீட்டுச் சமையலறைக் குழாயில் வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு மேல், மூன்று நிமிடம் தண்ணீர் நின்று பாட்டு வந்தது. வெளிநாட்டில் பாட்டுப் போட்டி நடக்கும் நாள் அது. நாட்டுக்கு ஒரு பாட்டு, பாட்டுக்கு மூன்று நிமிடம், கடைசியில் ஒவ்வொரு நாடும் மற்ற நாடுகளுக்கு மார்க் போடும். அங்கே ராத்திரி, இங்கே காலை. கட்டிடத்தில் எல்லா வீட்டிலும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். பிளம்பர் உட்காரமாட்டார். "பக்கத்து நாட்டுக்காரன் பக்கத்து நாட்டுக்காரனுக்குத்தான் மார்க் போடறான். எல்லாம் முன்னாடியே பேசி வச்சது" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார். போன இடத்திலும் நிற்கமாட்டார். ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார்.

உண்மைக் காரணம் மார்க் அல்ல. ஒரு நாட்டின் பாட்டின்போது மேடையில் பாடுகிறவருக்குப் பின்னால் கறுப்புச் சட்டையில் ஐந்து பேர் நிற்பார்கள். இடதுபக்கத்திலிருந்து நாலாவது ஆள் அவருடைய மகள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவளுக்கு வெளிநாட்டுச் சங்கீதப் பள்ளியிலிருந்து இடம் கொடுத்துக் கடிதம் வந்தது. படிப்புச் செலவு அவர்களுடையது என்று அதில் இருந்ததைக் கேட்டதுமே பிளம்பருக்குச் சந்தேகம் வந்தது. சும்மா கொடுப்பவன் எவனும் நல்லவன் இல்லை என்பது அவர் முடிவு. ஒரு டைப்பிஸ்டைப் பிடித்து, "நான் வரவில்லை" என்று மகள் பெயரில் பதில் போட்டுவிட்டார். பதில் போய்ச் சேர்ந்த பிறகுதான் மகளுக்குத் தெரிந்தது. கேட்டாள். "எனக்கு என்ன தெரியும், தபால்காரன் செஞ்ச வேலையா இருக்கும்" என்றார். அவள் அந்தப் பள்ளிக்கு மன்றாடி எழுதி, அடுத்த வருடம் இடம் வாங்கிக்கொண்டு போனாள். அம்மாவுக்கு மாதம் ஒரு போன் வரும். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்.

குழாய் முதல் தடவை பாடியபோது பிளம்பர் அதைக் காற்று அடைப்பு என்று நினைத்தார். வாஷரை மாற்றினார். அடுத்த வருடமும் பாடியது. சுவரை உடைத்துப் பார்த்தார், மாடிக்குப் போய்த் தொட்டியைக் காலி செய்தார், தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வை இறுக்கி மூடினார். சொட்டுத் தண்ணீர் இல்லாத குழாய் முன்னைவிடத் தெளிவாகப் பாடியது. "அண்ணே, உங்க வீட்டுக் குழாய் நல்லா பாடுது, எங்க வீட்டுக் குழாய்ல தண்ணியே இல்ல" என்று மாடி வீட்டுக் கண்டக்டர் படியிலிருந்து கத்தினான். முப்பது வருடம் ஊரான் வீட்டுக் குழாயெல்லாம் சரி செய்தவருக்குச் சொந்தக் குழாய் மானத்தை வாங்கியது. அந்த வருடம் முழுக்க அவருக்குத் தூக்கம் சரியில்லை. சாப்பிட உட்கார்ந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். வேலைக்குப் போன வீடுகளில் குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் பிறகுதான் பையைத் திறந்தார்.

மூன்றாம் வருடம் ரம்பத்தோடு தயாராக நின்றார். குழாய் பாட ஆரம்பித்ததும் இரும்பைப் பிடித்து அறுத்தார். ஒரு முழத் துண்டு கையில் வந்தது. அதே நொடியில் டிவியில் நாலாவது ஆள் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்த நாடு கடைசி இடத்துக்குப் போனது. கூடத்திலிருந்து ஓடிவந்த மனைவி, அவர் கையில் இருந்த துண்டு பாட்டின் மிச்சத்தைப் பாடிக்கொண்டிருப்பதைக் கேட்டாள். கேட்டவுடன் புரிந்துவிட்டது. மேல் ஸ்வரத்துக்குப் போகும்முன் மூக்கால் மூச்சை இழுக்கும் பழக்கம் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

"பெத்த பொண்ணு குரல் தெரியாதா உங்களுக்கு?"

"நான் எங்க கேட்டேன்" என்றார் பிளம்பர். அது பொய் இல்லை. அவள் பாட உட்கார்ந்தாலே அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

"அன்னிக்குக் கடுதாசியில அறுத்தீங்க. இன்னிக்கு ரம்பத்தால அறுத்துட்டீங்க."

குழாய்த் துண்டைத் துணியில் சுற்றி வைத்தாள். சாயங்காலம் வரை அது முனகியது. இரண்டு நாளில் போன் வந்தது. மகளுக்குத் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லையாம், ஆனால் பாட்டு மட்டும் வரவில்லையாம். அடுத்த வருடப் போட்டியிலும் குரல் வராவிட்டால் குழுவில் வேறு ஆளை எடுத்துவிடுவார்களாம்.

அறுத்த குழாயைத் திரும்பப் பொருத்துவது அவர் தொழிலில் கிடையாது. பழசைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டுவதுதான் வழக்கம், பழைய இரும்பை ஒட்டித் தரச் சொன்னவர்களை அவர் திட்டி அனுப்பியிருக்கிறார். இப்போது அந்த ஒரு முழத் துண்டையே எடுத்து, இரண்டு முனையிலும் மரை வெட்டி, முனைகளை இணைக்கும் யூனியன் போட்டு, பழைய இடத்திலேயே மாட்டினார். ஒருமுறை அல்ல, பதினோரு முறை. ஒவ்வொரு முறையும் மனசு கேட்காமல் கழற்றிப் பார்த்தார். வருடம் முழுக்கக் குழாய் வெறும் தண்ணீர்தான் விட்டது.

நாலாம் வருடம் போட்டி அன்று மனைவி கூடத்தில், அவர் சமையலறையில். கையைக் கட்டிக்கொண்டார், அவிழ்த்தார், பாத்திரத்தைத் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். "நிக்கிறாளா?" என்று கேட்டார். "நிக்கிறா. நாலாவதுதான்" என்றாள் மனைவி. பாட்டு ஆரம்பித்தது. டிவியில் நாலாவது வாய் மூடியே இருந்தது. குழாயில் காற்று மட்டும் சீறியது. பிளம்பர் குனிந்து, எச்சில் படும் அளவுக்கு வாயைக் குழாயில் வைத்தார்.

"இந்தா பாரு. அந்தக் கடுதாசி போட்டது நான்தான். தபால்காரன் இல்ல. நான்தான். கேக்குதா? நான்தான்!"

டிவியில் நாலாவது ஆள் திடுக்கிட்டுக் காதைத் தொட்டாள். பக்கத்தில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். அதன்பிறகு, வரி நடுவில், மூக்கால் மூச்சை இழுக்கும் சத்தம் குழாயில் கேட்டது.

"அப்பா, கத்தாதீங்க. பாடிட்டிருக்கேன்" என்றது குழாய். பாடியது.

பிளம்பர் வாயை மூடிக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு பாட்டை முடியும்வரை கேட்டார். அந்த நாட்டுக்குப் பதினாறாவது இடம் கிடைத்தது. மார்க்கெல்லாம் பேசி வைத்ததுதான் என்று அவர் அப்போதும் சொன்னார்.

அதன்பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்திலிருந்து பதினொன்று வரை குழாயில் பேசினாள். அந்த ஒரு மணி நேரமும் கட்டிடத்தில் யாருக்கும் தண்ணீர் வராது. கண்டக்டர் இரண்டு வாரம் சண்டை போட்டான். மூன்றாவது வாரத்திலிருந்து சனிக்கிழமை சாயங்காலமே வாளிகளில் பிடித்து வைத்துக்கொண்டான்.