ரெஜிபோமில் வெட்டிய எதிர்காலம்

சித்திரப் பாடம் எடுத்தவர்களுக்கு உலகத்தில் வேலையே இல்லை என்று எவன் சொன்னான்? உயர்தர ஏ.எல். வகுப்பின் கலைப் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து சுமித்ராவுக்கு வேலை தலைக்கு மேலே கிடந்தது. வாணி விழாவுக்கு வரவேற்புப் பலகை, அதிபரின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை, தோட்டத்துக் கோயில் தேருக்கு இரண்டு மயில், டெங்கு ஒழிப்பு வாரத்துக்குக் கன்றுக்குட்டி பருமனில் ஒரு நுளம்பு. எல்லாம் அவள் கைவண்ணம்தான். கூலியும் கொடுக்காமல் விடவில்லை. "அருமையா இருக்கு புள்ள" என்று மூன்று சொல், ஒவ்வொரு தடவையும் தவறாமல் கிடைத்தது.

இந்த முறை வந்த வேலை இன்னும் விசேஷம். தெரணியகலைக்கு மேலே ரப்பர் மலைக்கு நடுவில் இருக்கிற அந்தப் பாடசாலையில், புதிதாகச் சித்திரம் எடுத்த ஐந்து பிள்ளைகளுக்கு வழிகாட்ட, கொழும்பு டிசைன் நிறுவனம் ஒன்றிலிருந்து விதுர்ஷன் என்ற வளவாளர் வருகிறாராம். தலைப்பு, 'கலைத்துறையில் ஒளிமயமான எதிர்காலம்'. அந்த எதிர்காலத்தை ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் எழுத்தெழுத்தாக வெட்டி மேடைத் திரையில் குண்டூசியால் குத்துகிற பொறுப்பை அதிபர் சண்முகநாதன் சுமித்ராவிடம் ஒப்படைத்தார். தலைமயிரெல்லாம் வெள்ளைத் தூள் ஒட்ட மூன்று நாள் உட்கார்ந்து வெட்டினாள். 'ஒ'வின் சுழி மட்டும் இரண்டு தடவை முறிந்தது.

ஆனாலும் அவள் முணுமுணுக்கவில்லை. அந்தப் பேச்சு அவளுக்கு வேண்டியிருந்தது. அப்பா இந்திரகுமார் ஒரு மாதமாக ஒரே பிடியில் நின்றார்.

"படம் வரைஞ்சா யாரு புள்ள சோறு போடுவா? பேசாம கொமர்ஸுக்கு மாறு. வெள்ளிக்கிழமை வரைக்கும் மாறலாம்னு அதிபரே சொல்லிட்டாரு."

"அந்த சேர் பேசுறத ஒரு தடவ வந்து கேளுங்கப்பா. அதுக்குப் பெறகும் வேணாம்னா மாறிக்கிறேன்" என்று கெஞ்சிக் கூத்தாடி வாக்குக் கொடுத்திருந்தாள். விடியற்காலை மழையில் ரப்பர் மரமெல்லாம் நனைந்து அன்றைக்கு அப்பாவின் பால் வெட்டும் நின்றுபோனது. அப்பா தோய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து முன் வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பத்து மணிக்கு வரவேண்டிய விதுர்ஷன் பதினொன்றரைக்கு வந்தார். வந்ததும் திரையைப் பார்த்தார். தன் பெயருக்குக் கீழே 'ஆலோசகர்' என்றிருந்ததைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இப்ப நான் சிரேஷ்ட ஆலோசகர். போன மாசம்தான் ப்ரமோஷன். பரவாயில்ல, விடுங்க."

விடுங்க என்று சொன்ன தோரணையில் யாரால் விட முடியும்? அதிபர் பதறிப்போனார்.

"ஓடு புள்ள, 'சிரேஷ்ட' வெட்டிக் கொண்டா. பேச்ச பெறகு மத்தவங்ககிட்ட கேட்டுக்க."

ஆக, கலையில் எதிர்காலம் பற்றி மண்டபத்துக்குள்ளே பேச்சு நடந்தபோது, சித்திரம் படிக்கிற பிள்ளை அரைச்சுவருக்கு வெளியே குந்தியிருந்து, பேசுகிறவருடைய பதவி உயர்வை வெட்டிக்கொண்டிருந்தாள். தகரத்தில் மழை இடித்தது. அனிமேஷன், கேம் டிசைன், மாதம் ஐந்து லட்சம் என்று துண்டு துண்டாகத்தான் காதில் விழுந்தது. கரண்ட் இல்லாததால் விதுர்ஷன் லெப்டொப்பைக் கையில் தூக்கி முன் வாங்குக்கு மட்டும் காட்டினார். அப்பா கண்ணைச் சுருக்கி எட்டிப் பார்ப்பது சுமித்ராவுக்குத் தெரிந்தது. பிடித்திருக்கிறதா இல்லையா என்று அந்த முதுகைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நான்கு எழுத்தையும் எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் ஏணி வைத்து ஏறினாள்.

"கலைஞர்கள மதிக்கிற தொழில் இது" என்று சொல்லிக்கொண்டிருந்த விதுர்ஷன் திரும்பினார். "தங்கச்சி, ஏணிய கொஞ்சம் தள்ளி வைங்க, என்னைய மறைக்குது."

கேள்வி நேரம் வந்தது. இந்திரகுமார்தான் எழுந்தார்.

"சேர், நீங்க சொன்னதெல்லாம் சரி. எம்புள்ள அங்க ஏணியில நின்னு செய்யிதே, அதுவும் அந்த வேலையில சேருமா?"

"நல்ல கேள்வி ஐயா. அதுக்குப் பேரு ஈவெண்ட் டிசைன். கொழும்புல இப்பிடி ஒரு திரைக்கு ஐம்பதாயிரம் கேப்பாங்க."

அதிபருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க புள்ள சும்மாவே செஞ்சு குடுக்கும் சேர். சிரமதானம்தான்."

"அப்பிடியா?" விதுர்ஷனின் முகம் மலர்ந்தது. "இந்த மாசம் றக்வான, தெஹியோவிட்டன்னு இன்னும் ஆறு ஸ்கூல்ல இந்த ப்ரோக்ராம் இருக்கு. எல்லாத்துக்கும் தங்கச்சியே செஞ்சு தரட்டும். நாங்க ஒரு சர்ட்டிபிகேட் குடுப்போம்."

மண்டபமே கைதட்டியது. அப்பா மட்டும் தட்டவில்லை.

சுமித்ரா கையிலிருந்த கடைசி எழுத்தைத் திரையில் வைத்துக் குண்டூசியை அழுத்திக் குத்தினாள். வாயைத் திறந்தால் சித்திரப் பாடம் போய்விடும் என்ற பயம் இருந்தது. திறக்காவிட்டால் என்ன கிடைக்கப்போகிறது, இன்னும் ஆறு திரைதானே? ஏணியிலிருந்தபடியே சொன்னாள்.

"செய்றேன் சேர். ஒரு திரைக்கு பத்தாயிரம். ரெஜிபோமும் பஸ் செலவும் உங்களோடது."

விதுர்ஷன் சிரித்தார். "மொதல்ல அனுபவம் வரணும் தங்கச்சி. சம்பளம் பெறகு தானா வரும்."

"எனக்கும் தோட்டத்துத் தொரை இதத்தான் சொன்னாரு சேர்" என்றார் இந்திரகுமார். "இருவத்தாறு வருசமா அனுபவம் வந்துக்கிட்டேதான் இருக்கு."

பின் வாங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிபரின் முகம் கறுத்தது.

"இதென்ன இந்திரகுமார், வந்த விருந்தாளிகிட்ட புள்ள வெலை பேசிக்கிட்டு நிக்கிது? நீங்க கேட்ட மாதிரியே கொமர்ஸுக்கு மாத்திருவோம். இன்னைக்கே."

சுமித்ரா ஏணியை இறுக்கிப் பிடித்தாள். அப்பா திரையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை எழுத்தெழுத்தாகப் பார்த்து முடித்தார்.

"வேணாம் சேர். கொமர்ஸ்ல சொல்லிக் குடுக்கப் போறது அதுக்கு இப்பவே வருது. சித்திரமே படிக்கட்டும்."