துண்டு கிடந்த சீட்டு

இருபத்துநாலு வருஷம் எல்லையைக் காத்துவிட்டு ஓய்வில் வந்த ஜெயபாண்டிக்கு, இராஜபாளையத்தில் தன் சொந்த வீட்டில் சட்டையைத் தொங்கவிட ஓர் ஆணி கிடைக்கவில்லை. பீரோ சாவி முதல் மகளின் காலேஜ் வரை எல்லாவற்றையும் மனைவி வெங்கடேஸ்வரியே கட்டி ஆண்டு பழகியிருந்தாள். அவருடைய பச்சை டிரங்குப் பெட்டி ஆறு மாதமாகக் கூடத்திலேயே கிடந்தது. சென்னையில் செக்யூரிட்டி ஆபீசர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அன்று புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயர் கொண்ட குன்றின் பெருமாளைப் பார்க்க இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

“சென்னைக்கே போயிரலாம்னு பாக்கேன். எனக்குன்னு இங்க ஒரு பிளேஸ் இல்லட்டி.”

இங்கிலீஷ் டீச்சரான வெங்கடேஸ்வரியிடம் இங்கிலீஷ் வார்த்தையை விட்டால் சும்மா இருப்பாளா?

“பிளேஸ்னா மொதல்ல கிரேக்கத்துல அகலமான தெருங்க. பொறவு லத்தீன், பிரெஞ்சுன்னு சுத்தி, தெரு தெடலாச்சு, தெடல் எடமாச்சு, எடம் பதவியாச்சு. ஆதியில அது நாலு பேரு நடமாடுற எடம்.”

“நான் மனசு விட்டுப் பேசுதேன், நீ பாடம் நடத்துத.” அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. ஜெயபாண்டி பட்டாளத்துப் பழக்கத்தில் வரிசையில் நின்றார். அந்த வரிசையில் அவர் ஒருவர்தான். வெங்கடேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு, அவர் தோளில் கிடந்த துண்டை உருவி ஜன்னல் வழியே சீட்டில் எறிந்துவிட்டு, முன்படியில் தொற்றி ஏறிவிட்டாள்.

அவர் கடைசி ஆளாக ஏறியபோது, கூடைக்கார அம்மா ஒருத்தி அவளிடம் மல்லுக்கு நின்றாள்.

“துண்டு மட்டுந்தான் கெடக்கு. எடும்மா, செத்த உக்காருதேன்.”

“ஆள் வருது.”

“எம்புட்டு நேரமா இதையே சொல்லுவ?”

“இருபத்துநாலு வருசமாச் சொல்லுதேன்.” வெங்கடேஸ்வரியின் குரல் உடைந்தது. “வீட்டுக்காரர் எங்கன்னு யாரு கேட்டாலும் ஆள் வருதுன்னுதான் சொன்னேன். இன்னைக்கா விட்டுக் குடுப்பேன்?”

ஜெயபாண்டி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நின்ற அம்மாவின் கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பஸ் மடவார்வளாகம் தாண்டுவதற்குள் சென்னைக்குப் போன் போட்டு, “வேற ஆளப் பாத்துக்கோங்க சார்” என்றார்.

வெங்கடேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள்.

“பீரோல எனக்கு ஒரு தட்டு ஒழிச்சுக் குடுட்டி.”

“ரெண்டாந்தட்டு நீங்க வந்த அன்னைல இருந்து காலியாத்தான் கெடக்கு. நீங்கதான் தொறந்தே பாக்கல.”