பல்பு மாட்டிய சம்பந்தி

இடுப்புக்குக் கீழே கால் இருப்பதே உமாபதிக்கு மறந்துபோயிருந்தது. விடிந்ததிலிருந்து தறிக்குழியில் உட்கார்ந்து மிதித்ததில் முட்டி மரத்துவிட்டது. பக்கத்தில் போனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு நாடு, தன் நட்பு நாட்டுத் தலைவரின் போனையே ஒட்டுக் கேட்டதாம்.

வாசலில் செருப்புச் சத்தம். பஞ்சாட்சரம். பட்டு வியாபாரி, மகள் கீர்த்தியைக் கட்டிக் கொடுத்த வீட்டுச் சம்பந்தி. உமாபதியின் கை தானாகத் தோள் துண்டை இழுத்து, நெய்த சேலை முந்தியின் மேல் போட்டது. வியாபாரி வந்தால் சொந்த டிசைனை மூடுவது தறிக்காரர்கள் பழக்கம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

“எதுக்கு மூடறீங்க சம்பந்தி? யாளி நல்லாத்தான் வந்திருக்குது. வாலை மட்டும் கொஞ்சம் இறக்கி இருக்கலாம்.”

உமாபதி துண்டைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேல் தொங்கிய பல்பைப் பார்த்தார். கண்ணு கெட்டுடும் என்று சொல்லிப் பொங்கலுக்குப் பஞ்சாட்சரமே வாங்கிவந்து மாட்டியது.

“இதுல கேமரா வெச்சிருக்கீங்களா?”

பஞ்சாட்சரம் மறுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, செய்தி ஓடிய போனைக் காட்டினார்.

“கேட்டுக்கினுதானே இருக்கீங்க? தேசத்துக்குத் தேசம் செய்யுது. ராஜா காலத்துல மட்டும் என்னா? பொண்ணு குடுத்த ஊருக்குத்தான் மொதல்ல ஒற்றனை அனுப்புவான். என் டிசைனும் உங்க தறியில ஓடுதே, வேற ஆளுக்குப் போயிடுமோன்னு பயம் இருக்காதா?”

“உங்கப்பாவும்தான் ஆள் அனுப்பினாரு. அவன் உள்ள வந்தா எங்கப்பா துண்டைப் போடுவாரு. அவன் சிரிச்சிக்கினே டீ குடிச்சிட்டுப் போவான். வந்தவன் மூஞ்சி தெரியும். எப்போ மூடணும்னு தெரியும்.” கத்த உமாபதிக்குத் தெம்பில்லை. “என் சம்சாரம் இந்த ஃபேனுக்கு அடியிலதான் தலை காய வெப்பா. அதையும் பாத்தீங்களா?”

“ஐய, அது எனக்குத் தங்கச்சி மாதிரி. அதெல்லாம் வந்தா வேகமா ஓட்டித் தள்ளி விட்டுடுவேன்.”

“தள்ளி விடறதுக்கும் பாக்கணுமே.”

பல்பை அடித்து உடைக்கலாம். ஆனால் ஏழு மாத வயிற்றோடு கீர்த்தி அந்த வீட்டில் இருக்கிறாள். உமாபதி கையை ஊன்றிக் குழியிலிருந்து ஏறினார். முந்தி மேல் கிடந்த துண்டையே எடுத்துப் பிடித்து, பல்பைக் கழற்றி நீட்டினார்.

“சூடா இருக்குது. பாத்துப் புடிங்க.”

சமையற்கட்டு வாசலில் மனைவி கலாவதி டீயோடு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

“குடிச்சிட்டுப் போங்கண்ணா.”

பஞ்சாட்சரம் குடித்தார். வளைகாப்புக்கு நேரத்தோடு வந்துவிடச் சொன்னார். பல்பைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

உமாபதி மறுபடி குழிக்குள் காலை இறக்கினார். கலாவதியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைப் பஞ்சாட்சரம் இன்னும் கேட்கவில்லை.