பூத்தட்டுக்கு அடியில்

"கண்ணாடியைக் கழட்டுன்னா கழட்டேன், ஒரு நிமிஷம்…"

"மாட்டேன் அண்ணா, அப்புறம் அவா நேர்ல வரச்சே…"

"வரச்சே பார்த்துக்கலாம். ஃபோட்டோல மட்டும்…"

"ஃபோட்டோல மட்டும் நான் வேற யாரோவா?"

ஸ்ரீபெரும்புதூர் தேரடியில் நாகப்பனின் ஸ்டுடியோ. 1991, தை பிறந்து ஒரு வாரம். முக்காலியில் மரகதவல்லி, கழுத்தில் மன்னியிடம் இரவல் வாங்கிய காசுமாலை. எதிரே அண்ணன் ஸௌந்தரராஜன். செங்கல்பட்டு வரனுக்கு அனுப்ப வேண்டிய படம். அவளோ பென்னலூர் கம்பெனியில் நாள் முழுக்க வரைபடம் சரிபார்க்கிறவள்.

"கண்ணாடி போட்ட பொண்ணுன்னா ஜாதகத்தையே திருப்பி அனுப்பிடுவா."

"அனுப்பட்டும்."

உள்ளறையிலிருந்து நாகப்பன் தலையை நீட்டினார். "சாமி, இத்த கொஞ்சம் வந்து பாருங்க." மரகதவல்லியும் அண்ணன் பின்னாலேயே எழுந்து போனாள்.

மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கூடத்தில் மாட்டவென்று, கொள்ளுப்பாட்டியின் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தான் ஸௌந்தரராஜன். உடம்பு நிறைய நகை, மடியில் பூத்தட்டு. பின்பக்கம் '1893. ரகுபதி அய்யங்கார் பார்யாள்' என்று மட்டும் எழுதியிருக்கும்.

"பூஞ்சைன்னு ஈரப் பஞ்சால தொடச்சேன் சாமி. சாயம் வந்துடுச்சி."

கழுத்து நகையெல்லாம் கரைந்து வெறும் சரடு தெரிந்தது. பூத்தட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு புத்தகம். படித்த பக்கம் தவறிவிடாமல் நடுவே ஒரு விரல்.

"அடப்பாவி, அழிச்சுட்டியேய்யா!"

"அவர் எங்கே அழிச்சார்? யாரோ மேல பூசின சாயம்தானே போயிருக்கு."

"பொம்மனாட்டி கையில புஸ்தகம்னா அப்போ ஊர் சிரிச்சிருக்கும். பெரியவா யோசிச்சுத்தான் மறைச்சிருக்கா. நாகப்பா, தட்டைத் திரும்பப் போட்டுடு."

"போட்டுடலாம் சாமி. பூ இன்னா கலர்ல?"

மரகதவல்லி படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "பேரைத்தான் எழுதலை. இதையாவது விட்டு வையேன்."

"முதல்ல உன் படம் முடியட்டும்."

அவள் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். காசுமாலையைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தாள். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கில் சரிந்த கண்ணாடியை மேலே தள்ளிவிட்டாள். நாகப்பன் காமிராவுக்குக் குனியாமல் ஸௌந்தரராஜனைப் பார்த்தார்.

"கண்ணாடியைக் கழட்டிட்டா, அவா கூடத்துல வந்து உட்கார்றச்சே எது மாப்பிள்ளை, எது கூட வந்த மாமான்னு நீ பக்கத்துல நின்னு சொல்லுவியா அண்ணா?"