முன்பக்கத்து முட்டுகள்

என் மச்சான் எனக்குத் தரவேண்டிய பணம் பதினாலாயிரத்து முந்நூற்றைம்பது. மோட்டார் சைக்கிளில் போய் ஒருவரை இடித்துவிட்டு, அவருடைய ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வண்டியை மீட்பதற்கும் வாங்கியது. மச்சான் என்றால் என் பெண்டாட்டியின் தம்பி. கேட்டால் முகம் கோணாமல் சிரிப்பான். உங்களுக்குத் தராமல் எங்கே ஓடிவிடப் போகிறேன் மாமா என்பான். ஓடமாட்டான்தான். ஓடுவதற்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டுமே.

அந்த மாதம் எங்கள் வீட்டுக்காரர் அட்வான்ஸை ஏற்றிவிட்டார். முதல் தேதிக்குள் கூடுதல் பணத்தை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். கேட்ட தொகை மச்சானின் கடனுக்குக் கொஞ்சம்தான் கூட. அதுவரை தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காத என் பெண்டாட்டியே, "அவன்கிட்ட வாங்கப்போறியா, இல்ல நான் பாத்திரத்தை மூட்டை கட்டவா" என்று கேட்டுவிட்டாள்.

எனக்கும் அவனுக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. ஊருக்கு வெளியே ஒரு பழைய கோட்டை. அதைச் சீர்செய்கிற கான்ட்ராக்டரிடம் நான் கூலியாள். மச்சான் அங்கே வாட்ச்மேன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

கோட்டை வாசல் ஒரு பெரிய கல் வளைவு. இரண்டு வண்டிகள் ஒட்டிக்கொண்டு போகலாம். வளைவின் உச்சிக்கல்லுக்குப் பக்கத்தில் விரிசல் விட்டிருந்தது. பழைய காரையைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவதற்கு முன்னால் கல் அசையாமல் இருக்க நாலு மரத்தூண்களை முட்டுக் கொடுத்திருந்தோம். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு. அளவுக்கு அறுத்து நிறுத்தி, அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஆப்பு அடித்து இறுக்கியது. இன்ஜினியர் சொன்னபடி ஒரு பலகையும் வைத்தோம். 'முட்டுகளைத் தொடாதீர். கீழே நிற்காதீர்.' எழுதியது நான். நாற்பது வயதுக்கு மேல் மாலைப் பள்ளியில் கற்ற எழுத்து. பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போனவர்கள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு வேலை கிடையாது. அன்றைக்குப் படம் வரைகிறவர்கள் எட்டுப் பேர் வருவார்கள். பழைய கட்டடங்களைத் தேடிப்போய், அங்கேயே உட்கார்ந்து, கண்ணால் பார்த்து வரைகிற கூட்டம். அவர்களுடைய ஸ்டாண்டு, முக்காலி, குடை எல்லாவற்றையும் ரோட்டிலிருந்து மேலே சுமந்து வருவது எனக்கு உபரிக் கூலி. இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைத் தலைவர் என்று கூப்பிடுவார்கள். வாட்டர் கலரில் வரைகிற டீச்சர் ஒருவர் உண்டு. எல்லாருக்கும் முன்னால் ஆரம்பித்து எல்லாருக்கும் முன்னால் முடித்துவிடுவார்.

அவர்களுக்குள் ஒரு சட்டம். இடத்தில் இருப்பதைப் படத்தில் விடக்கூடாது, இல்லாததைச் சேர்க்கக்கூடாது. வேலை முடிந்ததும் எட்டுப் படங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பி, சுற்றி நின்று சரிபார்ப்பார்கள். பித்தலாட்டம் பண்ணியவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். ஒரு தடவை நாய் ஒன்று வந்து மதிலுக்கு முன்னால் படுத்துவிட்டது. எட்டுப் படத்திலும் நாய் படுத்திருந்தது. ஒருவர் மட்டும் வாலை விட்டுவிட்டார். டீ அவர் செலவு. எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது. நல்ல சட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவர்கள் கோட்டை வாசலுக்கு வந்தார்கள். ஏதோ கண்காட்சிக்கு அந்த வாசல்தான் வேண்டுமாம். முதல் வாரம் சிமெண்ட் மூட்டைகளை ஓரம் தள்ளச் சொன்னார்கள். தள்ளினேன். அடுத்த வாரம் பலகை. அது நின்றால் அதையும் வரைய வேண்டும், இந்த எழுத்தை யாரய்யா வரைவது என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மச்சான் பலகையைத் தூக்கி மதிலுக்குப் பின்னால் சாத்தினான். அவர்கள் போனபின் மறந்துவிட்டான். திங்கட்கிழமை நான்தான் எடுத்து வைத்தேன். அதற்கடுத்த வாரம் யாரும் உள்ளே போகாமல் வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிறும் போயிற்று. டீச்சருக்கு வெயில் ஆகாது. வளைவுக்குக் கீழே முக்காலியைப் போட்டுக்கொண்டார். மேலேயிருந்து ஈரச் சாயத்தில் பொடி உதிர்கிறது, அது ஒரு மாதிரி அழகாகத்தான் இருக்கிறது என்றார்.

அன்றைக்குத்தான் தலைவர் முட்டுகளைப் பற்றிக் கேட்டார். முன்பக்கத்து இரண்டு மட்டும் இல்லாவிட்டால் போதும், பின்பக்கத்தது நிழலில் அவ்வளவாகத் தெரியாது என்றார். படத்தில் மட்டும் விட்டுவிடுங்கள் சார், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். பக்கத்து ஆளின் பையில் கைவிடச் சொன்னமாதிரி என்னைப் பார்த்தார்.

"நாங்க அப்படி வரையறதில்ல," என்றார்.

இன்ஜினியரைக் கேட்க வேண்டும் என்றேன். இன்ஜினியர் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இந்த வாசல் நிற்கிறது என்றார் தலைவர். நான் முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அத்தோடு விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் கண் மச்சான் பக்கம் போனதை நான் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கடைசிச் சுமையோடு நான் மேலே ஏறி வந்தபோது முன்பக்கத்து முட்டுகள் இரண்டும் புல்லில் கிடந்தன. மச்சான் சம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். வேர்த்து ஊற்றியது. ஆப்பைக் கழற்ற அவ்வளவு அடி அடித்திருக்கிறான் என்றால் அந்த மரம் எவ்வளவு பாரம் தாங்கியிருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் என் சட்டைப் பையில் எதையோ திணித்தான்.

"பதினாலாயிரத்து முந்நூத்தைம்பது. எண்ணிக்குங்க. இனிமே அக்கா என்னைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பவேணாம்."

கடன் எவ்வளவு என்று தலைவர் கேட்டாராம், இவன் சொன்னானாம், அதையே கொடுத்தாராம். கூட நூறு கேட்கக்கூட இவனுக்குத் தோன்றவில்லை.

உடனே திரும்ப மாட்டுவோம் வா என்று ஒரு தூணின் தலைப்பக்கத்தைப் பிடித்தேன். தலைவர் கையைக் காட்டித் தடுத்தார். இந்த வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் நிற்கும், அது போனதும் மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். எட்டுப் பேரும் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்கள். வெளிச்சம் என்று வந்துவிட்டால் அவர்களுக்குக் காது கேட்காது. டீச்சரிடம் மட்டும் போய், கீழே உட்காராதீர்கள் அம்மா என்று கும்பிடாத குறையாகச் சொன்னேன். அவர் முனகிக்கொண்டே வெளியே குடைக்கு மாறினார்.

வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. உள்ளே போய் பின்பக்கத்து முட்டு ஒன்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். மரத்தில் ஏதாவது அசைந்தால் முதலில் கைக்குத் தெரியும். தலைவர் அங்கிருந்தே, நகர்ந்து நில், இல்லாவிட்டால் உன்னையும் வரைய வேண்டியிருக்கும் என்றார்.

"வரைஞ்சுக்குங்க," என்றேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. வழக்கமாக வளைவின் பொந்துகளில் குனுகிக்கொண்டிருக்கும் புறாக்கள் அன்றைக்கு எதிர் மதிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. என் தலையிலும் தோளிலும் சுண்ணாம்புப் பொடி விழுந்துகொண்டிருந்தது. தட்டிவிட்டால் திரும்ப விழும். இடையில் ஒரே ஒரு தடவை மரம் முனகியது. பழைய கட்டிலில் யாரோ புரண்டு படுத்த மாதிரி. நான் மச்சானைப் பார்த்தேன். அவன் ஒரு ஓவியரின் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து, தான் படத்தில் இருக்கிறானா என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

வெளிச்சம் சரிந்ததும் எழுந்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். வழக்கம்போலப் படங்களைப் புல்லில் பரப்பினார்கள். எட்டிலும் வளைவு, எட்டிலும் நிழலுக்குள் ஒரு ஆள் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் வெளியே வந்து பின்னால் நின்று பார்த்தேன். தலைவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனவர் டீச்சரின் படத்தில் நின்றார். இன்றைக்கு டீ டீச்சர் செலவு என்றார். உச்சிக்கல் பக்கத்து விரிசலை அவர் தலைமுடி மாதிரி ஒல்லியாகப் போட்டிருந்தார். மற்றவர்கள் படத்தில் அது அதைவிடக் கனமாக இருந்தது.

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் உட்கார்ந்ததும் முதல்ல போட்டதே அந்த விரிசலைத்தான். அப்ப அப்படித்தான் இருந்துச்சு."

விரிசலைக் கடைசியாகப் போட்டவர் யார் என்று தலைவர் மெதுவாகக் கேட்டார். அது அவரே. அவருடைய படத்தில் அந்த விரிசலைத் தூரிகையை அழுத்தி இழுத்திருந்தார். நடுவில் வரைந்தவர்களின் படங்களில் அது நடுவாந்தரம். எட்டுப் பேரும் பித்தலாட்டம் பண்ணவில்லை. எட்டுப் பேரும் இருந்ததை இருந்தபடி வரைந்திருந்தார்கள்.

ஒருவர்கூட நிமிர்ந்து வாசலைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் மச்சானும் ஓடிப்போய் முதல் முட்டுத்தூணைத் தூக்கினோம். பழைய இடத்தில் நிறுத்தினோம். தூணின் தலை உள்ளே போகவில்லை. ஆப்பே வைக்கவில்லை. வெறும் தூண், அதுவே நுழையவில்லை. இரண்டு விரல் ஆப்புக்கு இடம் இருந்த இடத்தில் இப்போது தூணுக்கே இடம் இல்லை. மச்சான் சம்மட்டியை எடுத்தான். அடித்தால் என்ன வரும் என்று தெரியாது, வைத்துவிட்டு வெளியே வா என்றேன்.

திரும்பிப் பார்த்தபோது அவர்கள் ஸ்டாண்டுகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு யாரும் என்னைச் சுமக்கக் கூப்பிடவில்லை. அவரவர் சாமானை அவரவரே தூக்கிக்கொண்டார்கள். டீச்சர் மட்டும் நின்று, ஒன்றும் ஆகாதே என்று என்னைக் கேட்டார். தெரியாது அம்மா என்றேன். தலைவர் என் அருகில் வந்து, எப்படியாவது மாட்டிவிடுங்கள், இதைப் பெரிதாக்க வேண்டாம், எல்லாருக்கும் தலைவலி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். மச்சான் சாமான் கொட்டகைக்குப் போய் ரம்பத்தோடு வந்தான்.

"அடியில ரெண்டு விரல் அறுத்துடுவோம் மாமா. நிறுத்தி ஆப்பு அடிச்சா பழைய மாதிரி ஆயிடும். யாருக்குத் தெரியும்?"

தெரியாதுதான். அரைமணி நேர வேலை. அறுத்த முகத்தில் மண்ணைப் பூசிவிட்டால் இன்ஜினியரின் கண்ணுக்கே படாது. பலகையை வைத்து, கயிற்றைக் கட்டி, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி கையில் பணத்தைக் கொடுக்கலாம். காலையில் நானும் மற்ற ஆட்களும் உளியோடு அந்த வளைவுக்குக் கீழே போய் நின்று, தலைக்கு மேலே காரையைத் தட்டத் தொடங்குவோம்.

பையிலிருந்து பணத்தை எடுத்து அவன் கையில் வைத்தேன். அது என் பையில் இருக்கிறவரை எனக்குப் பேச்சு வராது என்று தெரிந்துவிட்டது. அவன் ரம்பத்தைக் கீழே போடாமல் மறுகையில் வாங்கிக்கொண்டு முழித்தான். நான் போனை எடுத்ததும் புரிந்துகொண்டான்.

"சொன்னா என் வேலை போயிடும் மாமா."

"சொல்லலன்னா நாளைக்குக் கீழ நிக்கப்போறது நான்டா மாப்ளே."

அவன் பிறகு தடுக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் இன்ஜினியர் முதலில் கீழே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பக்கத்தில்கூட யாரையும் விடாதே, நான் கிளம்பிவிட்டேன் என்றார். பிறகுதான் யார் கழற்றியது என்று கேட்டார். மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். படம் வரைகிறவர்களின் தலைவர் கழற்றச் சொன்னார், வாட்ச்மேன் கழற்றினான் என்றேன். அவன் எனக்கு மைத்துனன் என்று இன்ஜினியருக்குத் தெரியும். இருந்தாலும் நாளையிலிருந்து அவன் வரவேண்டாம் என்றார்.

கயிற்றை எடுத்து வாசலுக்கு வெகு முன்னாலேயே குறுக்கே கட்டினோம். ஒரு முனையை நான், மறுமுனையை அவன். உள்ளே பின்பக்கத்து மரம் மறுபடி முனகியது. இந்தத் தடவை நீளமாக. அவிழ்த்து இன்னும் பின்னால் தள்ளிக் கட்டினோம். எதிர் மதிலில் இருந்த புறாக்கள் ஒன்றாக எழுந்து வேறெங்கோ போய்விட்டன.

மச்சான் தரையில் உட்கார்ந்தான். அந்தப் பணத்தைத் தலைவரிடமே திருப்பிக் கொடுக்கப்போவதாகச் சொன்னான். கொடு, கொடுக்காதே, அது உன் பாடு என்றேன்.

"உங்க பணத்தை இனிமே எங்கிருந்து கொண்டாருவேன் மாமா," என்றான். அப்போதுதான் முதல் தடவையாக அவன் அதைச் சிரிக்காமல் சொன்னான்.

"கொண்டாரவேணாம். அது இல்லேன்னு வச்சுக்க."

"அக்கா?"

"அவகிட்ட நான் சொல்லிக்கறேன். வீடு வேற பார்த்துக்கறோம்."

இன்ஜினியரின் வண்டி இன்னும் ரோட்டில் தெரியவில்லை. வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல் நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினாலாயிரத்து முந்நூற்றைம்பதை அன்றோடு விட்டேன். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை, அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.